ஓரக் குழிகளுக்குத் தாகம்

கடலூர் முதுநகரில் ஜோதி மேரியிடம், "என்ன வேலைம்மா பாக்குற?" என்று கேட்டவர் யாரும் சுலபமாகத் தப்பித்ததில்லை. "மனுச மூளைக்குச் சாப்பாடு போடுறேன்" என்பாள், முகத்தில் துளிச் சிரிப்பும் இல்லாமல். கேட்டவர் திருதிருவென்று விழிப்பதைப் பார்ப்பதில் அவளுக்கு அவ்வளவு ஆசை. ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் கணவன் மரிய ஜோசப்புக்குத்தான் இதில் தலைவலி. "எம்மா தாயே, என் வண்டியில ஏறுற சனங்ககிட்ட மட்டும் அத சொல்லாத. நேத்து ஒரு பொம்பள பாதி வழியிலயே எறங்கிட்டா" என்று கையெடுத்துக் கும்பிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றால் பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள்.

"பாவமில்லையா மேரி? யாரு மூளை அது?"

"யாரு மண்டையையும் யாரும் தொறக்கல அக்கா. ஒரு ஊசி ரத்தம் எடுப்பாங்க. அதுல இருக்குற செல்லப் புடிச்சு, நீ மறுபடியும் கொழந்தையா ஆயிடுன்னு கெஞ்சுவாங்க. ஆயிடும். ஸ்டெம் செல்லுன்னு அதுக்குப் பேரு. அப்பறம், இப்ப நரம்பு செல்லா வளருன்னு சொல்லுவாங்க. ரெண்டு மாசத்துல வளந்துடும். அந்த நரம்புக்கு எந்த மருந்து ஒத்துக்குது, எது ஒத்துக்கலன்னு பாப்பாங்க. ஆள் மேல போட்டுப் பாக்குறதுக்கு முன்ன அவன் நரம்பு மேல போட்டுப் பாக்குறது. இதுல என்ன பாவம்?"

"கெஞ்சுனா கேக்குமா?"

"எம் புள்ளைங்கள விட நல்லாவே கேக்கும்."

இப்படிப் பேசுகிறவள் பட்டம் வாங்கியவள் என்று நினைத்துவிட வேண்டாம். பத்தாம் வகுப்பு, அதிலும் கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறியவள். வயது நாற்பத்தைந்து. இதற்கு முன் பதினோரு வருஷம் கடற்கரை ஓரமாக ஒரு இறால் குஞ்சுப் பண்ணையில் வேலை செய்தாள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நெளிகிற குஞ்சுகள், தொட்டிக்கு லட்சக்கணக்கில். நேரம் தவறாமல் தீனி, நேரம் தவறாமல் தண்ணீர் மாற்றம். தண்ணீரை மொத்தமாக மாற்றினால் அதிர்ச்சியில் செத்துப்போகும். பாதியை எடுத்துவிட்டுப் பாதியை ஊற்ற வேண்டும். ஊற்றும்போதும் சுவரோரமாக, சத்தமே இல்லாமல். உப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் பேனா அளவில் ஒரு கண்ணாடிக் குழல் உண்டு. அதன் தலையில் இரண்டு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேராகக் கண்ணில் வைத்தால் உப்பின் அளவு எண்ணாகத் தெரியும். நோய் வந்து பண்ணையை மூடியபோது முதலாளி, "வேற என்னம்மா குடுக்கறது, இத வச்சுக்க" என்று அந்தக் குழலை அவள் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அது அவள் சாப்பாட்டுப் பையில் ஊறுகாய் டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. எதற்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

பிறகு சிதம்பரத்துக்கு வேலைக்கு வந்தாள். துறைமுகம் ஜங்ஷனில் காலை பாசஞ்சரைப் பிடித்து, சிதம்பரத்தில் இறங்கி, அண்ணாமலை நகரில் மாணவர் லாட்ஜுகளுக்குப் பின்னால் போனால் ஒரு சின்னத் தனியார் ஆய்வுக்கூடம். மூன்று அறைகள், எட்டுப் பேர். பாட்டில் கழுவுகிற வேலை. கழுவிக்கொண்டே சுற்றி நடப்பதைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியுமா? ஆராய்ச்சி மாணவன் அன்புமணி நரம்புகளுக்குத் திரவம் ஊற்றுகிற லட்சணத்தைப் பார்க்க அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. சொய்ங்கென்று பீய்ச்சுவான். பின்னிப் பிணைந்து வளர்ந்த நரம்பெல்லாம் ஒரு பாலாடை மாதிரி உரிந்து மேலே மிதக்கும். நரம்பு வளர்கிற குழித்தட்டு, அதாவது பிளேட், ஒரே மாதத்தில் மூன்று போயிற்று. கூடத்தின் தலைவி எழிலரசி மேடம் தலையில் கை வைத்துக்கொண்டு, "பொறுமையா ஊத்துற ஒரு கை இந்த ஊருலயே இல்லியா?" என்று புலம்பினார்.

"குடுங்க மேடம், பாப்போம்" என்றாள் மேரி, ஈரக் கையைத் துடைத்தபடி.

அன்று ஊற்றிய கைதான். இரண்டரை வருஷமாக ஒரு பிளேட் உரியவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நரம்புகளுக்குச் சாப்பாடு. ஞாயிறு கிடையாது, பண்டிகை கிடையாது. அதற்கும் அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது. கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளிக்கு அன்புமணி வருவான். பொங்கல், தீபாவளிக்கு மேரி வருவாள். யார் பண்டிகையையும் யாரும் கெடுக்கவில்லை, நரம்புகளும் பட்டினி கிடக்கவில்லை.

அந்த நரம்புகளுக்குப் பெயரும் உண்டு. லேபிளில் ஏதோ எழுத்தும் எண்ணும் இருந்தாலும் மேரி அவற்றைப் 'பர்ஹானா' என்றுதான் கூப்பிடுவாள். லால்பேட்டையில் பதினாலு வயசுப் பெண் பர்ஹானா. நாலு வயதிலிருந்து வலிப்பு. எத்தனையோ மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லை. வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை பள்ளிக்கூடத்திலேயே விழுவாள். அவள் ரத்தத்திலிருந்து வளர்த்த நரம்புகளும் அப்படியே இருந்தன. மற்றவர்களின் நரம்புகள் ஆளுக்கொரு பக்கம் சிமிட்டிக்கொண்டிருக்கும். இவளுடையவை எல்லாம் ஒரே நேரத்தில் படபடவென்று வெடிக்கும். நரம்புத் துடிப்பை அளக்கிற கருவியின் திரையில் பார்த்தால் தீபாவளிச் சரம் கொளுத்திய மாதிரி இருக்கும். வேறு வேறு நோய்களுக்காக ஏற்கெனவே கடையில் விற்கிற எண்பது மருந்துகளை அந்த நரம்புகள் மேல் போட்டு, எது அந்தச் சரவெடியை அடக்குகிறது என்று பார்ப்பதுதான் திட்டம்.

ரத்தம் கொடுக்க வந்த அன்று பர்ஹானா மேரியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆன்ட்டி, அந்தப் பொட்டிக்குள்ள இருக்குற என் மூளைக்கு என்ன மாதிரியே கோவம் வருமா?"

"வரும் கண்ணு. பசிச்சா வரும்."

"அப்ப நேரா நேரத்துக்கு ஒழுங்கா போடுங்க."

"சத்தியமா" என்று மேரி அவள் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தாள்.

அந்த சத்தியத்தை அவள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதோடு அவளுக்கென்று சொந்தமாக ஒரு ஆசையும் இருந்தது. அதுவரை அவள் தற்காலிக ஆள். 'செல் வளர்ப்பு டெக்னீஷியன்' என்று நிரந்தர ஆர்டர் தயாராகி, கையெழுத்துக்காக மேடத்தின் மேசையில் கிடந்தது. வீட்டில் மரிய ஜோசப் அந்த ஆர்டரை மாட்டுவதற்கு ஃப்ரேமே வாங்கி வைத்துவிட்டான். அவசரக் குடுக்கை.

ஆயுத பூஜை வந்தது. எண்பது மருந்தையும் செவ்வாய்க்கிழமை போட்டுவிட்டு, சனிக்கிழமை கருவியில் வைத்துப் பார்ப்பது என்று மேடம் நாள் குறித்தார். மருந்து போட்டபின் நாலு நாள் தொடவே கூடாது, சாப்பாடு ஊற்றினால் மருந்து நீர்த்துவிடும். வளர்ந்துகொண்டிருந்த அடுத்த தொகுதி பிளாஸ்க்குகளுக்குச் செவ்வாயன்று இரட்டைச் சாப்பாடு ஊற்றிவிட்டால் சனிக்கிழமை வரை தாங்கும். பூஜைக்குக் கருவிகளுக்கும் ஓய்வு கொடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்து பொருந்தியதில் எல்லோருக்கும் சந்தோஷம். "மூணு நாள் லீவு, ஒருத்தரும் இந்தப் பக்கம் வர வேண்டாம்" என்று மேடமே சொல்லிவிட்டார்.

செவ்வாய் மாலை கூடம் முழுக்கக் கழுவல். அந்தப் பூஜை மேரியின் பூஜை இல்லைதான். ஆனால் சுத்தம் செய்கிற விஷயத்தில் அவளை யார் மிஞ்ச முடியும்? மைக்ராஸ்கோப் முதல் கதவுப் பிடி வரை பளபளவென்று துடைத்தாள். நரம்புகளை உடல் சூட்டிலேயே வைத்திருக்கிற பெட்டியான இன்குபேட்டரையும் விடவில்லை. உள்ளே அடித்தட்டில் ஒரு எவர்சில்வர் டிரே உண்டு. அதில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அந்த ஈரம்தான் மேலே இருக்கிற பிளேட்டுகள் காயாமல் காக்கிறது. அதையும் உருவி எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, காய வைத்து, முகம் தெரிகிற மாதிரி ஆக்கினாள். திரும்ப உள்ளே தள்ளினாள். தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுக்கப் போனாள்.

"அக்கா! கற்பூரம் ஏத்தப் போறோம், ஓடியாங்க!" என்று வெளியிலிருந்து அன்புமணி கத்தினான்.

கதவை மூடிவிட்டு ஓடினாள். அன்புமணி ஒவ்வொரு கருவிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தான். தீபாராதனை முடிந்தது. பொரி, கடலை, சர்க்கரை, ஒரு வாழைப்பழம், எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். மேரி ரயிலில் அந்தப் பொரியைத் தின்றுகொண்டே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

சனிக்கிழமை அன்புமணி பிளேட்டுகளை எடுத்துக் கருவியில் வைத்தான். மூன்று பிளேட், ஒவ்வொன்றிலும் தொண்ணூற்றாறு குழி. ஒரு குழிக்கு ஒரு மருந்து. நடுவில் இரண்டு வரிசையில் மட்டும் மருந்தில்லாமல் வெறும் நரம்பு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. நடு வரிசைகள் வழக்கம்போலப் படபடவென்று வெடித்தன. மருந்து போட்ட குழிகளில் ஏழு மட்டும் கப்சிப். மூன்று பிளேட்டிலும் அதே ஏழு. நாற்பத்தேழாம் எண் மருந்துக் குழி கொஞ்சம் அடங்கின மாதிரி தெரிந்தது. ஆனால் ஏழு அமோகமாக அடங்கியிருக்கும்போது அதை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

"ஏழா!" என்று எழிலரசி மேடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சிரிக்கவே யோசிக்கிற மனுஷி, அன்புமணியின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "மறுபடியும் செஞ்சு பாக்கணும்தான். ஆனா ஏழுடா அன்பு! திங்கக்கிழம அடுத்த கட்டத்துக்கான சம்மதக் கடுதாசில கையெழுத்து வாங்க லால்பேட்ட போறேன். அந்தத் தாய்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுறேன். பத்து வருசமா அழுதுட்டு இருக்கு."

மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று போகும்போது ஒரு மெழுகுவத்தி வாங்கி மாதாவுக்கு ஏற்றினாள். அவள் கையால் வளர்ந்த நரம்பல்லவா?

திங்கட்கிழமை காலை பழைய பிளேட்டுகளைக் கழித்துப் போடுவது அவள் வேலை. ஒன்றைக் கையில் எடுத்து லேசாகச் சாய்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நடுக்குழிகளில் திரவம் நிறைய இருந்தது. ஓரக்குழிகளில் இறங்கியிருந்தது. மூலைகளில் இன்னும் மோசம். பதினோரு வருஷம் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்த்த கண், ஏமாறுமா? அன்புமணி ஒட்டி வைத்திருந்த தாளை எடுத்துப் பார்த்தாள். ஏழு மருந்துகளும் எங்கே இருந்தன? ஏழும் ஓரத்தில். அதிலும் இன்குபேட்டருக்குள் சுழலும் காற்றாடிப் பக்கத்து ஓரத்திலும் மூலையிலும்.

அவளுக்குப் பண்ணை ஞாபகம் வந்தது. சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்றி உப்பு ஏறினால் இறால் குஞ்சுகள் ஆட்டம் பாட்டமெல்லாம் விட்டு அடியில் மந்தமாகப் படுத்துக்கொள்ளும். புதிதாக வந்தவர்கள், "ஆஹா, அமைதியா இருக்குதே" என்பார்கள். அமைதியா அது?

இன்குபேட்டர் கதவைத் திறந்து குனிந்தாள். அடித்தட்டில் எவர்சில்வர் டிரே. ஒரு சொட்டு இல்லை. அவள் முகம் அதில் தெளிவாகத் தெரிந்தது.

"ஐயோ மாதாவே!"

சாப்பாட்டுப் பையிலிருந்து அந்தக் கண்ணாடிக் குழலை எடுத்தாள். நடுக்குழிகளிலிருந்து இரண்டு சொட்டு: பதினொன்று. ஓரக்குழிகளிலிருந்து இரண்டு சொட்டு: பதினாறு. மறுபடியும் பார்த்தாள். பதினாறேதான்.

சத்தம் கேட்டு அன்புமணி வந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் செத்துப்போயிற்று. "தண்ணி இல்லன்னா செகப்பு லைட்டு எரியணுமே அக்கா" என்று கதவுக்கு மேலே பார்த்தான். பார்த்தவன் விரலால் மெல்லச் சுரண்டினான். பூஜைக்கு அவன் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து உதிர்ந்தன. உள்ளே அந்தச் சின்ன விளக்கு ஐந்தாறு நாளாக எரிந்துகொண்டிருந்தது.

"எடம் ரவுண்டா, பொட்டு வெக்க வாட்டமா இருந்துச்சுக்கா" என்றான் அழாத குறையாக.

"நல்லா வெச்ச பொட்டு. ஒப்பிட்டுப் பாக்குற வரிசைய ஏன்டா நடுவுல மட்டும் வெச்ச? ஓரத்துலயும் நாலு வெறுங்குழி இருந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்குமே?"

"பாக்க அழகா இருந்துச்சு."

மேரி மேடத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கார் ஓட்டும்போது போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவது அவர் வழக்கம். லால்பேட்டை வீட்டு எண் சம்மதக் கோப்பில் இருந்தது. கோப்போ மேடத்தின் கைப்பையோடு போயிற்று.

"அக்கா, ஒண்ணு சொல்றேன் கேளுங்க" என்று அன்புமணி குரலைத் தாழ்த்தினான். "அடுத்த பிளேட்டுங்க மூணு வாரத்துல ரெடியாயிடும். அதுல வரலன்னா, ரிப்பீட் ஆவலன்னு எழுதிட்டுப் போறோம். ஆராய்ச்சியில அது சகஜம். யாரு மேலயும் பழி வராது. உங்க ஆர்டரு இன்னும் கையெழுத்து ஆவல, ஞாபகம் இருக்குதா?"

இருக்காமல் என்ன? வீட்டில் காலி ஃப்ரேம் சுவரில் தொங்குகிறதே. ஒரு நிமிடம் அவளுக்கும் ஆசை தட்டியது, பொய் சொல்வானேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், எல்லாம் தானாக அமுங்கிவிடும். ஆனால் இந்த மூணு வாரமும் அந்தத் தாய் என்ன நினைத்துக்கொண்டிருப்பாள்?

"மூணு வாரம் பொண்ணு பொழச்சுக்கும்னு சந்தோசமா இருந்துட்டு, அப்பறம் இல்லன்னு கேக்குறவ எப்புடி விழுவா தெரியுமா தம்பி? என் பிளாஸ்க்குங்களுக்கு நீ சாப்பாடு ஊத்து. சுவரோரமா ஊத்து, பீச்சுன, வந்து கைய ஒடிப்பேன்." பையைத் தோளில் மாட்டினாள். கழிக்க வேண்டிய பிளேட்டில் ஒன்றையும் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ் புறப்பட்டுவிட்டது. ஓடிப் போய் ஏறினாள். அந்த பஸ் இருக்கிறதே, அது பஸ் இல்லை, ஒவ்வொரு ஊர் முனையிலும் நின்று குசலம் விசாரிக்கிற சொந்தக்காரர். மேரிக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. "ஏம்மா, நின்னுகிட்டு வந்தா வண்டி சீக்கிரம் போவுமா?" என்றார் கண்டக்டர். காட்டுமன்னார்கோயிலில் இறங்கி ஆட்டோ பிடித்தாள்.

"லால்பேட்டையில யாரு வீடும்மா?"

"பர்ஹானான்னு ஒரு பொண்ணு. அவுங்க அத்தா வெளிநாட்டுல இருக்காரு."

"அந்த ஊருல பாதி அத்தா வெளிநாட்டுலதாம்மா இருக்காங்க."

தெருத் தெருவாகச் சுற்றி, கடைசியில் ஒரு பச்சைக் கேட்டுக்கு முன்னால் மேடத்தின் வெள்ளைக் காரைப் பார்த்துவிட்டாள். ஆட்டோ நிற்பதற்குள் குதித்தாள்.

உள்ளே கூடத்தில் எழிலரசி மேடம் சோபாவில் இருந்தார். எதிரே பர்ஹானாவின் அம்மா ஜுலைகா பீவி. பக்கத்தில் பர்ஹானா ஒரு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கம்பளத்தில் உட்கார்ந்திருந்தாள். சம்மதக் கடுதாசியில் கையெழுத்து ஆகிவிட்டது. "ஒரு நல்ல சேதி இருக்கு" என்று மேடம் தொடங்கியிருக்கிறார், ஜுலைகாவோ, "அவுங்க அத்தாவும் கேக்கட்டும் டாக்டரம்மா. லுஹர் தொழுதுட்டு கத்தார்லேருந்து வீடியோ கால் வருவாங்க" என்று நிறுத்தி வைத்திருக்கிறாள். தட்டில் சமோசா ஆறிக்கொண்டிருந்தது.

"மேரிம்மா? நீங்க எங்க இங்க?" மேடம் எழுந்தார்.

வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று நூறு விதமாக யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. "மேடம், அந்த ஏழும் தப்பு. மருந்து இல்ல மேடம் அது. நான் டிரேயில தண்ணி ஊத்த மறந்துட்டேன். ஓரமெல்லாம் காஞ்சு உப்பேறிப் போச்சு. என் தப்புதான்" என்று கொட்டிவிட்டு, துணியைப் பிரித்துப் பிளேட்டை நீட்டினாள்.

மேடம் பிளேட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மறு பக்கம் சாய்த்துப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவர் கோபப்பட்டு மேரி பார்த்ததில்லை, அன்று பார்த்தாள். "இதுக்கு எத்தன மாச வேல தெரியுமா?" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. மேரி தலையைக் குனிந்து நின்றாள்.

ஜுலைகா பீவிக்கு ஒன்றும் புரியவில்லை. யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கம்பளத்திலிருந்து பர்ஹானாதான் பேசினாள்.

"ஆன்ட்டி, அது என்னோடதா?"

"ஆமாங் கண்ணு."

"அதுக்கு நீங்க தண்ணி குடுக்கலயா?"

"குடுக்கல கண்ணு. மறந்துட்டேன்."

"எத்தன நாளு?"

"சனிக்கெழம வரைக்கும் நாலு நாளு."

பர்ஹானா அந்தப் பிளேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "நான் நோம்பு வெச்சா வலிப்பு வந்துடும்னு அம்மா வெக்கவே விட மாட்டேங்குது. இதுங்க மட்டும் நாலு நாளு வெச்சிருக்கு!" என்று சொல்லிவிட்டுக் களுக்கென்று சிரித்தாள். "நோம்பு வெச்சதாலதான் சத்தம் காட்டாம கெடந்துச்சா?"

ஜுலைகாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மேடத்துக்கும், அடக்கப் பார்த்தும் முடியாமல் வந்துவிட்டது. மேரி மட்டும் சிரித்துக்கொண்டே அழுதாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கத்தாரிலிருந்து பர்ஹானாவின் அப்பா. "என்ன நல்ல சேதி?" என்று அவர் கேட்டார்.

மேடம் ஒரு மூச்சு இழுத்துவிட்டுக்கொண்டார். "இன்னும் ஒண்ணும் கெடைக்கல பாய். ஆனா தப்பா ஒண்ணு கெடைக்க இருந்துச்சு, அது இல்லன்னு ஆயிடுச்சு. அதுதான் சேதி."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அவர், புரிந்ததோ இல்லையோ. ஜுலைகா மேரியின் கையைப் பிடித்து உட்கார வைத்து, சமோசாத் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். "பஸ்ஸு ஏறி இத சொல்லவா வந்தீங்க அக்கா? சாப்புடுங்க மொதல்ல."

திரும்பும் வழியில் மேடம் சாலையையே பார்த்துக் காரை ஓட்டினார். அடுத்த இரண்டு நாளும் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மேரி பாட்டில் கழுவினாள், சாப்பாடு ஊற்றினாள், வீட்டில் ஃப்ரேமைக் கழற்றிப் பீரோ மேல் வைத்தாள். மரிய ஜோசப் மட்டும், "போனா போவுது மேரி, ஃப்ரேமுல என் போட்டாவ மாட்டிக்கலாம்" என்றான். மூன்றாம் நாள் மேடம் பழைய முடிவுகளை எல்லாம் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"மேரிம்மா, இந்த நாப்பத்தேழாம் நம்பர பாருங்க. நடுவுல இருக்குற குழி. இங்க தண்ணி வத்துனிச்சா?"

மேரி குழலை எடுத்து வந்து, பத்திரமாக வைத்திருந்த மற்ற பிளேட்டில் பார்த்தாள். "பதினொண்ணு மேடம். வத்தல."

"ஆனா கொஞ்சம் அடங்கியிருக்கு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "உடனே கிளம்பிப் போயி யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம்" என்றாள் மேரி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேடம் சிரித்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து அடுத்த பிளேட்டுகள் தயாராயின. இந்த முறை மருந்தில்லாத வெறுங்குழிகள் மூலையிலும் நடுவிலும் கலந்து நின்றன. மருந்துகள் ஒவ்வொரு பிளேட்டிலும் வேறு வேறு இடத்தில். தினமும் காலையில் மேரி இன்குபேட்டரின் அடித்தட்டைக் குனிந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி வந்தது. சந்தனப் பொட்டு இனி கதவின் பக்கவாட்டில் மட்டும் என்று அன்புமணிக்கும் ஒரு விதி. வெளியே ஐப்பசி மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ரயில் தாமதமானாலும் அவள் ஒரு நாள் தவறவில்லை.

இதற்கு நடுவில் வெள்ளிக்கிழமைதோறும் மேடத்தின் கைபேசிக்கு ஒரு போன் வரும், மேரியைக் கேட்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பர்ஹானா கூப்பிடுவாள். வேறு எதுவும் பேச மாட்டாள்.

"ஆன்ட்டி, தண்ணி இருக்கா?"

"இருக்கு கண்ணு."

"பாத்துட்டு சொல்லுங்க."

மேரி போய்க் கதவைத் திறந்து குனிந்து பார்த்துவிட்டு வந்துதான் சொல்ல வேண்டும்.

முடிவு வந்த அன்று பழைய ஏழு மருந்துகளும் ஒன்றும் செய்யவில்லை. அந்தக் குழிகளில் நரம்புகள் ஜோராக வெடித்துக்கொண்டிருந்தன. நாற்பத்தேழு மட்டும், மூலையில் வைத்தாலும் நடுவில் வைத்தாலும், மூன்று பிளேட்டிலும் சரவெடியைப் பாதியாக அடக்கியது. மொத்தமாக நிறுத்தவில்லை, பாதிதான். மேடம் கத்தவில்லை. இன்னும் இரண்டு முறை செய்யச் சொன்னார். அதற்கு மார்கழி பிறந்துவிட்டது. இரண்டு முறையும் அதே பாதி. அதன் பிறகும், "இது ஒரு வாசல்தான். இதுக்கப்பறம் பெரிய டாக்டருங்க பாக்கணும், அவுங்க கமிட்டி பாக்கணும், எவ்ளோ நாளாவும்னு சொல்ல முடியாது. அதையெல்லாம் சேத்தே சொல்லணும்" என்று மேரியைப் பார்த்தார். மேசையில் கையெழுத்து ஆகாமல் கிடந்த அந்த ஆர்டரில் அப்போதுதான் பேனாவை ஊன்றிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. போன் அடித்தது. எடுக்கப் போன மேடம் கையை இழுத்துக்கொண்டு, "நீங்களே பேசுங்க" என்று மேரியிடம் தள்ளினார்.

"ஆன்ட்டி, தண்ணி இருக்கா?"

மேரி போனைக் காதில் வைத்தபடியே போய்க் கதவைத் திறந்து குனிந்தாள். அன்று காலையில்தான் நிரப்பியிருந்தாள், இருந்தாலும் பார்த்தாள்.

"ரொம்பி நிக்குது கண்ணு. நீ போயி அம்மாவக் கூப்புடு. அத்தாவையும் லைன்ல எடு. இன்னிக்கு நான் கொஞ்சம் ஜாஸ்தி பேசணும்."